ஒரு நாளைக்கு இரண்டு தடவை

"நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம். ஆனா நான் நம்பணும்னு ஒண்ணும் இல்லை லா."

முதல் சந்திப்பில் அவர் என்னிடம் சொன்ன முதல் முழு வாக்கியம் இதுதான். ஒக்லாந்தில், மவுண்ட் ஆல்பர்ட் ரயில் நிலையத்துக்குப் பின் தெருவில், ஒரு பழைய மரவீட்டின் முன் அறைகளில் அவருடைய மிருக வைத்திய நிலையம் இருந்தது. வரவேற்பு மேசைக்கு ஆள் தேவை என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தார். கொழும்பில் ஏழு வருடம் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவள், கையெழுத்து தெளிவாக இருக்கும், கவனமாக வேலை செய்வேன் என்று நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனேன். அவர் என் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டுத் தமிழில் பதில் சொன்னார்.

பிறகு ஒரு தாளையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினார்.

"நான் மேசையில தட்டுறேன். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு புள்ளி வைங்க. எண்ணாதீங்க. புள்ளி மட்டும்."

பதினைந்து விநாடி நகத்தால் படபடவென்று தட்டினார். நிறுத்தியதும் புள்ளிகளை எண்ணச் சொன்னார்.

"அம்பத்துநாலு, டொக்டர்."

"நான் அம்பத்தாறு தட்டினேன்."

திரும்பவும் எண்ணினேன்.

"இல்லை டொக்டர். அம்பத்துநாலுதான் கிடக்கு."

"சரி. நான் தட்டினதும் அம்பத்திநாலுதான். நாளைக்கு எட்டு மணிக்கு வந்துருங்க."

வேலை கிடைத்த சந்தோசம் பாதி, என்னை ஏமாற்றிப் பார்த்தாரே என்ற எரிச்சல் பாதியாக வீட்டுக்கு நடந்தேன். அவர் மலேசியத் தமிழ்ப் பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, கழுத்துவரை வெட்டிய முடி. எங்கே படித்தார், ஏன் தனியாக இருக்கிறார், யார் அவருக்கு உறவு என்பதெல்லாம் நாலு வருடம் கூட இருந்தும் எனக்குத் தெரியாது. கேட்டால், "அது எதுக்கு உங்களுக்கு?" என்பார். கோபமாக அல்ல, உண்மையிலேயே எதற்கு என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல.

புள்ளி வைக்கும் பரீட்சைக்குக் காரணம் ஃபெரட்டுகள். கீரிப்பிள்ளைக்குத் தூரத்து உறவு என்று சொல்லக்கூடிய நீண்ட உடம்பும் குட்டைக் காலும் கொண்ட பிராணி. எண்பதுகளில் ஒக்லாந்தைச் சுற்றி அதைத் தோலுக்காகப் பண்ணைகளில் வளர்த்தார்கள். முயல் பிடிக்க வைத்திருந்தவர்களும் உண்டு. இன்னும் சிலர் வீட்டில் செல்லமாக வளர்த்தார்கள். மற்ற வைத்தியர்கள் அதன் நாற்றத்துக்கும் கடிக்கும் பயந்து தட்டிக்கழிக்க, எல்லாம் எங்களிடம் வந்தன. ஃபெரட்டின் இருதயம் நிமிடத்துக்கு இருநூறுக்கு மேல் அடிக்கும். வாயால் எண்ண முடியாது. ஆகவே அவர் காதில் ஸ்டெதஸ்கோப் குழாயை வைத்துக்கொண்டு தாளில் புள்ளி வைப்பார். பிறகு நான் வைப்பேன். இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். இரண்டு புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இரண்டு பேரும் திரும்பச் செய்ய வேண்டும். தன்னுடைய காதைக்கூட அவர் நம்பவில்லை என்பதைக் கண்ட பிறகுதான் எனக்கு எரிச்சல் குறைந்தது.

ரயில் போகும்போது மரவீடு முழுக்க அதிரும். அந்த நேரத்தில் இருதயம் கேட்க மாட்டார். ரயில் வரும் நேரங்களை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். ஆனால் அதையும் நம்பாமல், யன்னலைத் திறந்து எட்டிப் பார்த்த பிறகே குழாயைக் காதில் மாட்டுவார்.

நாய், பூனைக்கு வைக்கும் இடத்தில் வைத்தால் ஃபெரட்டின் இருதயம் சரியாகக் கேட்காது. அது இன்னும் பின்னால், வயிற்றுப் பக்கமாகத் தள்ளி இருக்கும். இதை அவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. புத்தகத்தில் பார்த்ததாகச் சொன்னார். புத்தகத்தையும் நம்பாமல், நல்ல ஆரோக்கியமான ஃபெரட் எப்படி இருக்கும் என்று தானே பார்க்க வேண்டும் என்று மாசி என்ற புறநகருக்கு அப்பால் இருந்த ஒரு பண்ணைக்கு என்னையும் கூட்டிப் போனார். இரண்டு கறுத்த பெண்கள், ஒருத்தி சேலையில், வந்து நின்று "உங்கள் பிராணிகளின் இருதயத்தைக் கேட்க வேண்டும்" என்றால் எந்தப் பண்ணைக்காரன் நம்புவான்? பிராணிவதைக்கு எதிரான ஆட்கள் என்று நினைத்து, வாசல் படலையைப் பிடித்தபடியே எங்களை மேலும் கீழும் பார்த்தான்.

டொக்டருக்கு அது பிடித்திருந்தது.

"நல்ல ஆளு. யாரையும் சும்மா உள்ள விடலை," என்று திரும்பி வரும்போது சொன்னார். முக்கால் மணி நேரம் பேசி ஆறு ஃபெரட்டுகளை ஒரு நாள் இரவல் வாங்கியிருந்தார். அவற்றை என் கணவரின் காரில் ஏற்றிவந்து எக்ஸ்ரே எடுத்தோம். பல வாரங்களுக்கு அந்தக் காரில் ஒருவரும் ஏறவில்லை. ஆறு எக்ஸ்ரே படங்களும் கடைசிவரை அவர் சுவரில் தொங்கின. நோயாளியின் படம் வந்தால் அவற்றுக்குப் பக்கத்தில் மாட்டி, இருதயத்தின் நிழலைக் கவராயத்தால் அளப்பார்.

எங்கள் ஆட்களிடையே அவருக்கு நல்ல பெயர் இல்லை. மாதம் ஒருமுறை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடக்கும் கூட்டுப் பிரார்த்தனைக்கு வருவார், கடைசி வரிசையில் இருப்பார். வடை கொடுத்தால், "யார் செஞ்சது? எப்ப?" என்று கேட்டுவிட்டுத்தான் கையில் எடுப்பார். "அந்த மனுசிக்குத் தலையிலை ஏதோ பிழை. நீர் கவனமா இரும்," என்று என் கணவர் சொன்னார். கணவருக்கு அப்போது வேலை நிரந்தரமில்லை. எங்களுடைய வதிவிட விண்ணப்பம் குடிவரவுக் கந்தோரில் கிடந்தது. என் வேலையைக் காட்டித்தான் அதைப் போட்டிருந்தோம். ஆகவே நான் கவனமாகத்தான் இருந்தேன்.

கொலின் என்ற பஸ் சாரதி வந்தது என் இரண்டாவது குளிர்காலத்தில். மாசியில் தனியாக இருந்தார். ஐம்பது வயது, பெரிய உடம்பு, குனிந்தே பேசுவார். கம்பளிச் சட்டையின் கைக்குள்ளிருந்து ஒரு ஃபெரட்டை உருவி மேசையில் வைத்தார். அதன் பெயர் பிக்கிள். பின்னங்கால்கள் இழுபட்டன. வேறொரு இடத்தில் முதுகெலும்பில் அடி, ஓய்வு கொடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

"யார் பார்த்தா அது விழுந்ததை?" என்று கேட்டார் இவர்.

ஒருவரும் பார்க்கவில்லை.

"அப்ப அடி இல்லை. அது அவங்க நினைப்பு."

ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தார். சர்க்கரை விழுந்தாலும் ஃபெரட்டுக்குப் பின்னங்கால் தளரும். சரியாக இருந்தது. பற்களைச் சுற்றியுள்ள முரசை விரலால் அழுத்திவிட்டு எடுத்தார். வெளிறிய இடம் சிவக்க நேரமெடுத்தது. நான் அதன் வாயருகே மீன் எண்ணெய் தடவிய கரண்டியைப் பிடிக்க, அது நக்கிக்கொண்டிருந்த நேரத்தில் குழாயை வைத்தார். நெடுநேரம் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். சுத்தமான இரண்டு தட்டுக்குப் பதிலாக ஒரு ஊதல் ஒலியும், இடையில் குதிரை ஓட்டம்போல ஒரு மூன்றாவது தட்டும் கேட்டன. எக்ஸ்ரேயில் இருதயம் பந்துபோல ஊதி, நெஞ்சில் நீர் நின்றது.

"இருதயம் தளர்ந்து பெருத்துப் போச்சு. காலுக்கு ரத்தம் போகலை, அவ்வளவுதான்," என்றார். பிறகு கொலினிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். மாற்ற முடியாது, நீரை இறக்கலாம், இருதயத்துக்குக் கொஞ்சம் பலம் கொடுக்கலாம், நல்லபடி கவனித்தால் ஒரு வருடம் இருக்கும். இரண்டு மருந்து. நீரை இறக்கும் மருந்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை. இருதயத்துக்கான துளிமருந்து ஒரே ஒரு தடவை. இருதயத் துளி கைக்குழந்தைகளுக்கு என்று செய்த மருந்து. அளவு கொஞ்சம் கூடினாலும் அதே மருந்து நஞ்சு. இதை அவர் இரண்டு தரம் சொன்னார். கொலினையும் திரும்பச் சொல்லவைத்தார்.

பத்து நாளில் கொலின் திரும்பி வந்தார். பிக்கிள் சாப்பிடவில்லை. வாந்தி. முன்னங்காலால் வாயைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. இவர் புள்ளி வைத்தார், நான் வைத்தேன். அடி பாதியாகக் குறைந்து, நடுவில் விட்டு விட்டு அடித்தது.

"எத்தனை தடவை கொடுத்தீங்க?"

"எழுதியிருந்தபடி," என்றார் கொலின்.

"எழுதியிருந்தது எத்தனை?"

கொலின் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இரண்டு என்று நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா? இந்த அறையில நின்னு ஒண்ணுன்னு என்கிட்ட சொன்னீங்க. கொஞ்சம் கொடுத்தா நல்லது, கூடக் கொடுத்தா இன்னும் நல்லதுன்னு கொடுத்தீங்களா? உண்மையைச் சொன்னாத்தான் நான் இதைக் காப்பாத்த முடியும்."

அவர் கத்தவில்லை. எப்போதும்போலத்தான் கேட்டார். ஆனால் அந்தப் பெரிய மனிதர் அடி வாங்கிய பிள்ளைபோலச் சுவரோடு ஒட்டி நின்றார். இவர் இருதயத் துளியை உடனே நிறுத்தினார். பிக்கிளை எங்களிடமே வைத்துக்கொண்டார். போத்தலைக் கொண்டுவரச் சொல்லி கொலினை அனுப்பினார்.

மறுநாள் காலை, வேலைக்குப் போகிற வழியில், ஒரு கடதாசிப் பையில் இரண்டு போத்தலையும் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டு கொலின் ஓடினார். இவர் பின்னறையில் ஒரு பூனைக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டிருந்தார். நான் பையைத் திறந்தேன்.

இரண்டு போத்தலிலும் என் கையெழுத்து. தெளிவான, அழகான கையெழுத்து. இரண்டிலும், ஒரு நாளைக்கு இரண்டு தடவை.

கொலின் முதல்முறை வந்த அந்த வெள்ளிக்கிழமை தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. முதல் போத்தலுக்கு எழுதியதையே பார்த்து இரண்டாவதுக்கும் எழுதியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் போத்தலில் ஒட்ட நான் எழுதும் ஒவ்வொரு துண்டையும் அவர் வாசித்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார். எப்போது அதை நிறுத்தினார் என்று நான் கவனிக்கவே இல்லை.

பையை என் கைப்பையின் அடியில் வைத்தேன்.

சத்திரசிகிச்சை முடிந்து கையைத் துடைத்தபடி வந்தார். "கொலின் போத்தல் கொண்டாந்தாரா?"

"இல்லை, டொக்டர்."

கை துடைத்த துவாயை ஆணியில் மாட்டினார். பிறகு உள்ளே போய்விட்டார்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "நீர் ஒண்டும் கதைக்காதையும்," என்றார். "அந்த மனுசி சந்தேகம் எண்டாலே துரத்திப்போடும். விண்ணப்பத்துக்கு ஆர் கடிதம் தாறது? அந்தப் பிராணி தப்பீட்டுதுதானே."

தப்பிக்கொண்டுதான் இருந்தது. இரண்டாம் நாள் பிக்கிள் கரண்டியை நக்கியது. அன்றும் அவர் அதே குரலில் கேட்டார்.

"போத்தல் வந்துச்சா?"

"இல்லை, டொக்டர். இன்னும் வரேல்லை."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். பிற்பகல் கொலின் பிக்கிளைப் பார்க்க வந்தார். கூட்டுக்கு முன்னால் முழங்காலில் இருந்து விரலைக் கம்பிக்குள் விட்டிருந்தார். நான் தேநீர் கொண்டுபோனேன்.

"எனக்கு வாசிப்புச் சரியாக வராது," என்றார் என்னிடம், திரும்பாமலே. "பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். அன்றைக்குப் போத்தலை உங்களிடம் தர முந்தி, நான் வந்த பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணிடம் வாசித்துக் காட்டச் சொன்னேன். அவளும் இரண்டு என்றுதான் சொன்னாள். ஆனால் டொக்டர் ஒன்று என்கிறார். எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைக்கிறேன்."

நான் தேநீரை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இதை எழுதும்போதும் அந்த முதுகு என் கண்ணில் நிற்கிறது.

மூன்றாம் நாள் எட்டு மணிக்கு, அவர் கேட்பதற்கு முன்னால், பையைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன்.

"கொலின் அண்டைக்கே தந்திட்டார், டொக்டர். நான்தான் பிழையா எழுதினனான். பயத்திலை ஒளிச்சு வச்சிட்டன்."

அவர் பையைத் திறக்கவில்லை.

"தெரியும். அன்னிக்குச் சாயங்காலமே அவர் போன் பண்ணி, போத்தலைப் பார்த்தீங்களான்னு கேட்டார்."

"பிறகேன் டொக்டர் என்னட்டைத் திரும்பக் கேட்டனீங்கள்?"

"நீங்க சொல்றதுக்கு ஒரு இடம் இருக்கட்டும்னு கேட்டேன். ரெண்டாவது தரம் நீங்க இல்லைன்னு சொன்னப்போ, இனிமே சொல்லமாட்டீங்கன்னு நினைச்சேன்." போத்தல்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்ல கையெழுத்து. அதைப் பார்த்துத்தான் நான் வாசிக்கிறதை நிறுத்தினேன். அது என் தப்பு."

என்னை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் கொலினுக்குப் போன் செய்தார். பிற்பகல் பஸ் சீருடையோடு கொலின் வந்தார். அவரை இருக்கச் சொல்லிவிட்டு இவர் நின்றுகொண்டார்.

"நீங்கள் சரியாக வாசித்தீர்கள். சரியாகக் கொடுத்தீர்கள். எங்கள் போத்தலில் பிழையாக எழுதியிருந்தது. அதைச் சரிபார்க்காமல் நான் உங்களைச் சந்தேகப்பட்டேன். மன்னிக்க வேண்டும்," என்றார் ஆங்கிலத்தில். என் பெயரைச் சொல்லவில்லை. நானாகத்தான், எழுதியவள் நான் என்றும் போத்தலை மறைத்ததும் நான்தான் என்றும் சொன்னேன். கொலின் தன் தொப்பியைக் கையில் ஒருமுறை திருப்பினார். "அப்போ எனக்கு வாசிக்கத் தெரிகிறது," என்றார். அவ்வளவுதான் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

பிக்கிள் குறைந்த அளவில் மருந்து எடுத்துக்கொண்டு பதினான்கு மாதம் இருந்தது. மாதம் ஒருமுறை கொலின் சட்டைக் கைக்குள் வைத்துக் கொண்டுவருவார். கடைசியில் அந்தக் கைக்குள்ளேயே தூங்கியபடி செத்துப் போனது. கொலினின் அனுமதியோடு இவர் அதைத் திறந்து பார்த்தார். சந்தேகமாக இருந்தது என்றார்; படமும் ஒலியும் ஏமாற்றியிருக்கலாம். இருதயத்தின் சுவர் கடதாசிபோல மெலிந்து, அறைகள் விரிந்து கிடந்தன. "சரியாத்தான் பார்த்திருக்கோம்," என்று சொல்லிக் கையைக் கழுவினார்.

அந்தப் போத்தலுக்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு துண்டையும் உரக்க வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. வாசலில் ஆட்கள் காத்திருந்தாலும் சரி, ஒரு துண்டைக்கூட அவர் விட்டுக்கொடுக்கவில்லை. சில நாட்களில் அவமானமாக இருக்கும். சில நாட்களில், வாசித்து முடித்துவிட்டு அவர் தலையாட்டும்வரை எனக்கே நிம்மதி வராது. விண்ணப்பத்துக்குக் கடிதம் கேட்டபோது தந்தார். எங்களுக்கு வதிவிடம் கிடைத்தது. என் கணவரிடம் மட்டும் கடைசிவரை அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. போத்தல் விசயத்தில் கணவர் என்ன சொன்னார் என்று நான் டொக்டரிடம் ஒருபோதும் சொன்னதில்லை. எப்படி ஊகித்தாரோ தெரியாது.

நாலு வருடம் முடிந்து எங்களுக்கு நகரின் தெற்கே மனுகாவில் வீடு அமைந்தது. அங்கே ஒரு கந்தோரில் எனக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள். முந்தின இடத்திலிருந்து கடிதம் கேட்டார்கள். அவர் தட்டச்சு செய்து, உறையில் போட்டு, ஒட்டித் தந்தார்.

"உள்ள என்ன இருக்குன்னு கேக்கமாட்டீங்களா?"

"தேவையில்லை, டொக்டர். நான் நம்புறன்."

"அப்படியா?" என்றார், கொஞ்சமும் நம்பாதவராக.

வீட்டுக்குப் போனதும் கேத்தல் ஆவியில் உறையைப் பிடித்துத் திறந்தேன்.

நோயாளிகளின் அட்டையில் எழுதும்போது அவர் எதையும் விடமாட்டார். கடித்தது, மூத்திரம் பெய்தது, சொந்தக்காரர் பொய் சொன்னது, தான் பிழையாக நினைத்தது, எல்லாம் நாள் மணியோடு இருக்கும். கடிதமும் அப்படித்தான் இருந்தது. நான் வந்த திகதி, செய்த வேலை, எடுத்த லீவு. பிறகு நான் பயந்துகொண்டிருந்த பந்தி. "இவர் ஒருமுறை மருந்துப் போத்தலில் தவறான அளவை எழுதினார். அதனால் ஒரு பிராணி சாகும் நிலைக்குப் போனது. தவறு தன்னுடையது என்று என்னிடம் வந்து சொன்னவரும் இவரே. இவரை நம்பி வேலை கொடுக்கலாம்."

திரும்பத் திரும்ப வாசித்தேன். தாளைப் புரட்டிப் பின்பக்கமும் பார்த்தேன். நடுவில் போத்தலை நான் ஒளித்து வைத்திருந்த இரண்டு நாளைப் பற்றி அவர் ஒரு சொல்கூட எழுதவில்லை.